மஞ்சளாகும் மனோசிலை: பாராரியல்கர் என்ற கனிமத்துக்கு ஓர் எளிய அறிமுகம்

கனிமங்களைப் பற்றிய எளிய குறிப்புகளில் ஒரு வாக்கியம் திரும்பத் திரும்பக் கண்ணில் படும்: சிவப்பு மனோசிலையை வெளிச்சத்தில் வைத்தால் அது மஞ்சள் தாளகமாக மாறிவிடும். இரண்டுமே ஆர்செனிக்கும் கந்தகமும் சேர்ந்தவை. இரண்டுமே பழங்காலம் தொட்டு வண்ணப் பொடியாகப் பயன்பட்டவை. சிவப்புக் கல்லின் மேல் மஞ்சள் பொடி படிவதையும் கண்ணாலேயே பார்க்க முடிகிறது. ஆகவே இந்த வாக்கியத்தை யாரும் சந்தேகிப்பதில்லை. ஆனாலும் அது தவறு. அந்த மஞ்சள் பொடி தாளகம் அன்று. பாராரியல்கர் என்ற வேறொரு கனிமம்.

ஒரு மஞ்சளுக்குப் பதில் இன்னொரு மஞ்சள், இதில் என்ன பெரிய வேறுபாடு என்று கேட்கலாம். அந்தக் கேள்விக்கு விடை தேடினால், கனிமம் என்று எதைச் சொல்கிறோம், ஒன்றிலிருந்து மற்றொன்றை எந்த அடிப்படையில் பிரிக்கிறோம் என்பவை தாமாகவே விளங்கிவிடும்.

பெயர்கள் ஏன் குழப்புகின்றன

தமிழில் இவற்றுக்குப் பழைய பெயர்கள் உண்டு. மனோசிலை என்பது சிவப்பு. கனிமவியலில் அதற்கு ரியல்கர் என்று பெயர். தாளகம் அல்லது அரிதாரம் என்பது மஞ்சள். கனிமவியலில் அது ஆர்பிமென்ட். மேடையில் நடிப்பவர்கள் முகத்தில் பூசும் பூச்சை அரிதாரம் என்கிறோமே, அந்தச் சொல் இந்தக் கனிமத்தின் பெயரிலிருந்து வந்ததுதான். இலத்தீன் மொழியிலும் இதே போக்குதான்: ஆர்பிமென்ட் என்ற சொல்லுக்கு மூலமான சொல்லின் பொருள் 'பொன்வண்ணம்'.

நிறத்தைப் பார்த்து வைத்த பெயர்கள் இவை. நிறம் மட்டுமே அளவுகோலாக இருக்கும்வரை, சிவப்பு மஞ்சளானால் மனோசிலை தாளகமாகிவிட்டது என்று சொல்வது இயல்பே. பாராரியல்கருக்குப் பழைய தமிழ்ப் பெயர் கிடையாது. மற்ற மொழிகளிலும் 1980 வரை அதற்குத் தனிப் பெயர் இருக்கவில்லை. கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்தில் கிடைத்த மாதிரிகளை ஆராய்ந்தவர்கள் அந்த ஆண்டில்தான் இதைப் புதிய கனிமமாக விவரித்தார்கள். 'பாரா' என்ற கிரேக்க முன்னொட்டுக்கு 'பக்கத்தில்' என்று பொருள். ரியல்கருக்குப் பக்கத்தில் வைக்க வேண்டியது என்பதால் இந்தப் பெயர்.

கனிமம்: என்ன இருக்கிறது, எப்படி அடுக்கப்பட்டிருக்கிறது

கனிமம் என்பது இயற்கையில் உருவான, குறிப்பிட்ட வேதிக் கலவையும் ஒழுங்கான உள்ளமைப்பும் கொண்ட திடப்பொருள். இந்த வரையறையில் இரண்டு நிபந்தனைகள் சேர்ந்திருக்கின்றன. எந்தெந்த அணுக்கள் எந்த விகிதத்தில் உள்ளன என்பது ஒன்று. அவை எப்படி இணைந்து அடுக்கப்பட்டிருக்கின்றன என்பது மற்றொன்று. இரண்டில் ஒன்று மாறினாலும் கனிமம் வேறு. நிறத்துக்கு இந்த வரையறையில் இடமே இல்லை. நிறம் ஒரு அடையாளக் குறிப்பாகலாம், ஆனால் அடையாளம் ஆகாது.

எழுத்துகளை நினைத்துக்கொண்டால் இது எளிதாகப் புரியும். 'கரம்' என்ற சொல்லிலும் 'ரகம்' என்ற சொல்லிலும் அதே மூன்று எழுத்துகள்தான் இருக்கின்றன. எண்ணிப் பார்த்தால் வேறுபாடு தெரியாது. வரிசையைப் பார்த்தால்தான் தெரியும். மனோசிலையும் பாராரியல்கரும் இப்படிப்பட்ட இணை. இரண்டிலும் ஓர் ஆர்செனிக் அணுவுக்கு ஒரு கந்தக அணு என்ற விகிதம்தான் இருக்கிறது. தாளகத்தின் கதை அப்படியன்று. அதில் இரண்டு ஆர்செனிக்குக்கு மூன்று கந்தகம். எழுத்தே கூடிவிட்ட சொல் அது.

ஒரே கலவை வெவ்வேறு உள்ளமைப்புகளில் கனிமமாவதைப் பல்லுருவம் என்பார்கள். கரியும் வைரமும் கதையாகப் பலரும் கேட்டிருப்பார்கள். பென்சில் கரியான கிராஃபைட்டும் வைரமும் கார்பனின் பல்லுருவங்கள். பாராரியல்கர் மனோசிலையின் பல்லுருவம். தாளகம் அப்படியன்று.

கரங்களின் கணக்கு

இனி உள்ளே போகலாம். அணுக்கள் ஒன்றையொன்று பற்றிக்கொள்வதைப் பிணைப்பு என்கிறோம். ஒவ்வொரு அணுவுக்கும் சில கரங்கள் இருப்பதாக நினைத்துக்கொள்வோம். இந்தக் கனிமங்களில் ஆர்செனிக் அணுவுக்கு மூன்று கரங்கள், கந்தக அணுவுக்கு இரண்டு. எந்தக் கரமும் சும்மா தொங்கக் கூடாது. இந்தக் குடும்பத்தில் கந்தகம் இன்னொரு கந்தகத்தின் கரத்தைப் பற்றுவதில்லை. ஆர்செனிக்கின் கரத்தை மட்டுமே பற்றுகிறது. இந்த மூன்று விதிகளை வைத்துக்கொண்டே பெரும்பகுதியைக் கணக்கிட்டுவிடலாம்.

மனோசிலையில் அணுக்கள் நான்கு ஆர்செனிக், நான்கு கந்தகம் என்று எட்டெட்டாகக் கூடிக் கூண்டு போன்ற சிறு குழுக்களாக நிற்கின்றன. இப்படிக் கரம் கோத்து நிற்கும் அணுக்குழுவுக்கு மூலக்கூறு என்று பெயர். நான்கு ஆர்செனிக்குக்குப் பன்னிரண்டு கரங்கள். நான்கு கந்தகம் அவற்றில் எட்டைப் பிடித்துக்கொள்ளும். மீதி நான்கு கரங்கள் என்ன செய்யும்? ஆர்செனிக்கும் ஆர்செனிக்கும் தமக்குள் கைகோத்துக்கொள்ளும். ஆக இரண்டு ஆர்செனிக்–ஆர்செனிக் பிணைப்புகள். கந்தகம் ஐந்தானால் அத்தகைய பிணைப்பு ஒன்றாகக் குறையும். மூன்றானால் மூன்றாகக் கூடும். நான்கு ஆர்செனிக் உள்ள கூண்டில், ஆறிலிருந்து கந்தகத்தின் எண்ணிக்கையைக் கழித்தால் கிடைப்பது ஆர்செனிக்குகள் தமக்குள் வைத்திருக்கும் பிணைப்புகளின் எண்ணிக்கை.

இது வெறும் காகிதக் கணக்கு அன்று. நான்குக்கு மூன்று என்ற கூண்டு டைமார்ஃபைட் என்ற மிக அரிய கனிமமாக இருக்கிறது. இத்தாலியில் நேப்பிள்ஸ் நகரருகே உள்ள சோல்ஃபத்தாரா எரிமலை வாயில், ஆவி வெளிப்படும் துளைகளில் கிடைத்த நுண்ணிய படிகங்களிலிருந்து ஆர்காஞ்செலோ ஸ்காக்கி 1849-இல் இதை விவரித்தார். நான்குக்கு ஐந்து என்ற கூண்டு ருஷ்யாவின் கம்சாட்கா பகுதியில் உள்ள உசோன் எரிமலைப் பள்ளத்தில் கிடைத்து உசோனைட் என்று பெயர் பெற்றது. கந்தகம் ஆறானால் கழித்தல் கணக்கு சுழியத்தில் முடியும். தாளகத்தின் விகிதம் அதுதான். அதில் எந்த ஆர்செனிக்கும் இன்னொரு ஆர்செனிக்கின் கரத்தைப் பற்றியிருப்பதில்லை. தாளகத்தில் தனித்தனிக் கூண்டுகளும் இல்லை. அணுக்கள் பாய் விரித்தாற்போல் தொடர்ந்து பின்னிக்கொண்டு, ஒன்றன்மேல் ஒன்றாகத் தாள்களாக அடுக்கப்பட்டிருக்கின்றன.

இதுவரை பார்த்ததைச் சுருக்கினால்: மனோசிலை கூண்டுகளால் ஆனது, தாளகம் தாள்களால் ஆனது. முன்னது பின்னதாக வேண்டுமானால் கூடுதல் கந்தகம் எங்கிருந்தாவது வர வேண்டும், அல்லது ஆர்செனிக்கில் ஒரு பங்கு வெளியேற வேண்டும்.

கூண்டுக்குள் என்ன மாறுகிறது

பாராரியல்கரிலும் கூண்டுகள்தாம், அதே நான்குக்கு நான்குதான், அதே இரண்டு ஆர்செனிக்–ஆர்செனிக் பிணைப்புகள்தாம். மாறியிருப்பது யார் யாருடைய கரத்தைப் பற்றியிருக்கிறார்கள் என்பது மட்டுமே.

நான்கு ஆர்செனிக் அணுக்களுக்கு அ, ஆ, இ, ஈ என்று பெயர் வைப்போம். மனோசிலையில் அ–ஆ ஒரு சோடி, இ–ஈ ஒரு சோடி. முதல் சோடியில் உள்ள ஒவ்வொருவரையும் இரண்டாம் சோடியில் உள்ள ஒவ்வொருவரோடும் இடையில் நின்று இணைப்பவை நான்கு கந்தகங்கள். நால்வருக்கும் நிலைமை ஒன்றே: ஒவ்வொருவரும் ஓர் ஆர்செனிக்கையும் இரண்டு கந்தகங்களையும் பிடித்திருக்கிறார்கள்.

இப்போது வெளியிலிருந்து ஐந்தாவது கந்தகம் ஒன்று வந்து இ–ஈ சோடியின் நடுவே புகுந்துகொள்கிறது. அந்த நேரடிப் பிணைப்பு போய்விட்டது. கூண்டு நான்குக்கு ஐந்தாகிவிட்டது. அடுத்து அ-வுக்கும் இ-க்கும் நடுவே இருந்த கந்தகம் வெளியேறுகிறது. வெறுமையான அந்த இரு கரங்களும் நேராகக் கோத்துக்கொள்கின்றன. எண்ணிப் பாருங்கள்: மீண்டும் நான்குக்கு நான்கு. ஆனால் இப்போது அ இரண்டு ஆர்செனிக்குகளைப் பிடித்திருக்கிறது, ஈ ஒன்றைக்கூடப் பிடிக்கவில்லை, ஆ-வும் இ-யும் முன்போலவே ஒன்றை மட்டும் பிடித்திருக்கின்றன. சமமாக நின்ற நால்வர் மூன்று விதமாகப் பிரிந்துவிட்டார்கள். இதுதான் பாராரியல்கரின் மூலக்கூறு.

இந்தக் கட்டத்தில் நிறுத்திக் காகிதத்தில் நான்கு புள்ளிகள் வைத்து ஒருமுறை வரைந்து பார்த்துவிடுவது நல்லது. வார்த்தையில் பத்து வரி பிடிக்கும் விஷயம் கோட்டில் ஒரு நிமிடத்தில் முடிந்துவிடும்.

வெளிச்சத்தின் பங்கு

அந்த ஐந்தாவது கந்தகம் எங்கிருந்து வந்தது? தொடக்கத்தில் ஒளியும் காற்றில் உள்ள ஆக்சிஜனும் சேர்ந்து சில மனோசிலைக் கூண்டுகளை உடைக்கின்றன. உடைந்தவற்றின் ஆர்செனிக் ஆக்சிஜனோடு சேர்ந்து ஆர்செனிக் ஆக்சைடாகிறது. உரிமை இழந்த கந்தகம் பக்கத்துக் கூண்டுகளுக்குள் புகுந்து நான்குக்கு ஐந்தான கூண்டுகளை உண்டாக்குகிறது. அங்கிருந்து மேலே சொன்ன மாற்றம் நடக்கிறது. இதில் கவனிக்க வேண்டியது, ஒரு கூண்டு மாறி முடிந்ததும் ஒரு கந்தகம் விடுதலையாகிறது என்பதே. அது அடுத்த கூண்டுக்குள் புகுகிறது. அங்கிருந்து இன்னொன்று வெளியேறுகிறது. தொடர் ஓட்டத்தில் கோல் கைமாறுவதுபோல் ஒரு கந்தகம் பல கூண்டுகளை வரிசையாக மாற்றிக்கொண்டே போகலாம். அதனால்தான் சிறிதளவு தூண்டுதலில் தொடங்கிய மாற்றம் கல் முழுவதும் பரவுகிறது.

எல்லா ஒளியும் இதைச் செய்வதில்லை. 1992-இல் வெளியான ஓர் ஆய்வு, ஏறத்தாழ 500 முதல் 670 நானோமீட்டர் வரையிலான அலைநீளம் கொண்ட ஒளியே இம்மாற்றத்தை உண்டாக்குகிறது என்று காட்டியது. பச்சையில் தொடங்கிச் சிவப்பின் ஒரு பகுதி வரை வரும் எல்லை அது. விளைபொருள் தாளகம் அன்று, பாராரியல்கரே என்பதை உறுதியாக நிறுவியதும் அதே ஆய்வுதான். அதற்கு முன்பிருந்த கருத்து, மனோசிலை சிதைந்து தாளகமும் ஆர்செனிக் ஆக்சைடும் ஆகிறது என்பது. ஆக்சைடு சிறிதளவு உண்டாவது உண்மைதான் என்பதால் பழைய கருத்தில் பாதி உண்மை இருந்தது என்று சொல்லலாம். தவறாகிப்போனது மஞ்சளைப் பற்றிய பாதி.

கண்ணாடி அலமாரியில் பல ஆண்டு இருந்த மனோசிலைக் கல் ஒன்றைப் புரட்டிப் பார்த்தால் இதன் சுவடு தெரியும். விளக்கைப் பார்த்த முகம் ஆரஞ்சு கலந்த மஞ்சள் பொடியாக உதிர்ந்துகொண்டிருக்கும். தட்டில் படிந்திருந்த அடிப்பக்கம் சிவப்பாகவே இருக்கும். கூண்டின் வடிவம் மாறியதும் பழைய அடுக்கில் அது பொருந்துவதில்லை. பாராரியல்கரின் அடர்த்தி மனோசிலையைவிடச் சற்றுக் குறைவு, அதாவது அதே எடைக்குக் கொஞ்சம் கூடுதல் இடம் தேவைப்படுகிறது. எனவே படிகம் உள்ளிருந்தே விரிசல் விட்டுப் பொடியாகிறது. உதிர்ந்த கல்லை மறுபடி இருட்டில் வைப்பதால் சிவப்பு திரும்புவதில்லை. சேகரிப்பாளர்கள் மனோசிலையை முதல் நாளிலிருந்தே மூடிய பெட்டியில் வைப்பது இதனால்தான்.

சுருக்கமாக: ஒளி தொடங்கிவைக்கிறது, கந்தகம் கைமாறி நடத்துகிறது, கலவை மாறாமல் கூண்டு மட்டும் மாறுகிறது.

பண்புகளைப் படிப்பது எப்படி

பண்புகளின் பட்டியலை மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. உள்ளமைப்பைத் தெரிந்துகொண்டால் பெரும்பாலானவற்றை ஊகித்துவிடலாம். கூண்டுக்குள் பிணைப்புகள் வலுவானவை, கூண்டுக்கும் கூண்டுக்கும் இடையே உள்ள ஈர்ப்போ மிக மெல்லியது. ஆகவே கல் மென்மையாக இருந்தே தீர வேண்டும். மோஸ் அளவுகோல் என்பது எந்தக் கனிமம் எதைக் கீறும் என்பதை வைத்து 1 முதல் 10 வரை கடினத்தன்மையைக் குறிக்கும் முறை. அதில் மனோசிலை 1.5 முதல் 2 வரை. பாராரியல்கர் 1 முதல் 1.5 வரை. விரல் நகத்தின் கடினத்தன்மை 2.5 என்பதால் நகமே இரண்டையும் கீறிவிடும். கீறிப் பார்க்கத்தான் கூடாது.

அடர்த்தி பெரிதாக உதவாது. நீரோடு ஒப்பிடும்போது மனோசிலை ஏறக்குறைய 3.56 மடங்கு, பாராரியல்கர் 3.52, தாளகம் 3.49, சாதாரணத் தராசில் இவற்றைப் பிரிப்பது கடினம். மாறாக, உடையும் விதம் நன்றாக உதவும். தாளகம் தாள்களால் ஆனது என்பதால் ஒரு திசையில் அழகாகப் பிளந்து, முத்துப் போன்ற மிளிர்வுடன், வளையக்கூடிய மெல்லிய தகடுகளாக வரும். பாராரியல்கர் தகடாக வருவதே இல்லை. அது பொடியாகவோ நுண்ணிய மணிகளாகவோதான் கிடைக்கிறது. மஞ்சள் நிறத்தைப் பார்த்து ஏமாறாமல் இருக்கக் கண்ணுக்குக் கிடைக்கும் முதல் உதவி இது.

உறுதியான தீர்ப்புக்கு இரண்டு வழிகள் உண்டு. எக்ஸ் கதிர்களைப் பொடியின் மேல் செலுத்தினால், அணுக்களின் அடுக்குமுறைக்கேற்ப அவை குறிப்பிட்ட கோணங்களில் சிதறும். அந்தக் கோணங்களின் தொகுப்பு ஒவ்வொரு கனிமத்துக்கும் ஒரு கைரேகை. மற்றொன்று ராமன் நிறமாலை. சி. வி. ராமன் 1928-இல் கண்டறிந்த விளைவின் அடிப்படையில், மூலக்கூறு அதிரும் விதத்தை ஒளியைக் கொண்டு படிப்பது அது. கூண்டின் வடிவம் வேறானால் அதிர்வும் வேறு. ஒரு எச்சரிக்கையும் உண்டு: சோதனைக்குச் செலுத்தும் லேசர் ஒளி பச்சையாகவோ வலுவாகவோ இருந்தால், பார்த்துக்கொண்டிருக்கும்போதே மனோசிலை பாராரியல்கராக மாறிவிடலாம். அளப்பதே அளக்கப்படுவதைக் கெடுக்கும் நிலை. எனவே நீண்ட அலைநீளமுள்ள, வலுக்குறைந்த ஒளியைத் தேர்ந்தெடுக்கிறார்கள்.

நச்சுத்தன்மை பற்றியும் ஒரு வார்த்தை. ஆர்செனிக் என்றவுடன் எல்லாவற்றையும் ஒரே விஷமாக எண்ணுவதும், சல்பைடு, அதாவது கந்தகத்தோடு சேர்ந்த சேர்மம், நீரில் எளிதில் கரையாது என்பதால் அதைத் தீங்கற்றதாக எண்ணுவதும் ஆகிய இரண்டுமே தவறு. வெள்ளைப் பாஷாணம் எனப்படும் ஆர்செனிக் ஆக்சைடு நீரில் கூடுதலாகக் கரைவதால் அதுவே கூடுதல் ஆபத்தானது. ஆனால் ஒளிபட்டு உதிரும் மனோசிலையில் அந்த ஆக்சைடும் கொஞ்சம் உண்டாகிறது, அந்தப் பொடி மூச்சிலும் புகக்கூடியது. மஞ்சள் பொடியை ஊதித் துடைப்பதும், சூடாக்கிப் பூண்டு மணம் வருகிறதா என்று முகர்வதும் பழைய கையேடுகளோடு போகட்டும்.

வகைப்பாட்டில் இதன் இடம்

கனிமங்களை வகுக்கும் முறைகளில் பரவலாக வழங்குவது, ஹூகோ ஸ்ட்ரன்ஸ் 1941-இல் வெளியிட்டுப் பின்னர் பலமுறை திருத்தப்பட்ட முறை. அதில் முதல் பிரிப்பு வேதிக் கலவையை வைத்தும், உட்பிரிப்புகள் அமைப்பை வைத்தும் செய்யப்படுகின்றன. சல்பைடுகள் இரண்டாம் வகுப்பு. ஆர்செனிக் சல்பைடுகள் அதற்குள் 2.எஃப்.ஏ என்ற பிரிவில் சேர்கின்றன. மனோசிலை, பாராரியல்கர், தாளகம், டைமார்ஃபைட் எல்லாம் அங்கே அண்டை வீட்டார். பெயரில் ஆர்செனிக் இருப்பதாலேயே ஆர்செனோபைரைட்டையும் இங்கே சேர்ப்பவர்கள் உண்டு. அதில் உலோகத்தின் இடத்தில் இரும்பு இருக்கிறது. ஆர்செனிக் அங்கே கந்தகத்தின் கூட்டாளி. ஆகவே அது வேறு பிரிவு.

ஒரே பிரிவுக்குள் எப்படித் தனிக் கனிமங்களைப் பிரிக்கிறார்கள் என்பதுதான் சுவையான பகுதி. பாராரியல்கரை மனோசிலையிலிருந்து பிரிப்பது மூலக்கூறின் வடிவம் என்று பார்த்தோம். இன்னொரு விதப் பிரிவும் உண்டு. ஒரே அளவுச் செங்கற்களைப் படுக்கவைத்தும் கட்டலாம், நிறுத்திவைத்தும் கட்டலாம். செங்கல் அதே செங்கல், சுவர் வேறு. பொனாட்சைட் என்ற கனிமத்தில் மனோசிலையின் அதே கூண்டு வேறு விதமாக அடுக்கப்பட்டிருக்கிறது. மனோசிலையை 200 பாகை செல்சியசைத் தாண்டிச் சூடாக்கினால் வரும் வடிவம் என்று அது ஆய்வுக்கூடத்தில் நெடுநாள் அறியப்பட்டிருந்தது. இயற்கையில் கிர்கிஸ்தானின் கைதர்கான் பகுதியில் கிடைத்தபின் கனிமம் என்ற தகுதி பெற்று, இத்துறையில் நிறைய உழைத்த இத்தாலியக் கனிமவியலாளர் பாவோலா பொனாட்சியின் பெயரைத் தாங்கியது. அலக்ரனைட் இவை எல்லாவற்றையும்விட விசித்திரமானது. சிலியில் உள்ள அலக்ரான் சுரங்கத்தின் பெயர் கொண்ட அந்தக் கனிமத்தில் நான்குக்கு நான்கான கூண்டும் நான்குக்கு ஐந்தான கூண்டும் பாதிக்குப் பாதி கலந்து ஒரே சுவராக அடுக்கப்பட்டிருக்கின்றன. ஆக மொத்த விகிதம் எட்டுக்கு ஒன்பது. முதன்முதல் இந்த விகிதத்தைப் பார்ப்பவருக்கு அச்சுப்பிழை என்றே தோன்றும்.

பல்லுருவங்கள் வெப்பநிலைக்கேற்ப மாறுவதும் உண்டு. டைமார்ஃபைட் என்ற பெயரின் பொருளே 'இருவடிவம்'. ஸ்காக்கி தம் நுண்ணிய படிகங்களில் இரண்டு வகைகளை அளந்து கண்டு அப்படிப் பெயர் வைத்தார்.

ஓவியத்தில் பாராரியல்கர்

சுரங்கங்களில் பாராரியல்கர் பெரும்பாலும் மனோசிலையின் மேல் படிந்த மஞ்சள் தோலாகத்தான் வருகிறது. பழைய ஓவியங்களில் அது தென்படும்போது, ஓவியர் சிவப்பாகத் தீட்டிய இடம் காலப்போக்கில் மஞ்சளாகிவிட்டது என்றே பொதுவாகப் பொருள் கொள்வார்கள். பல ஓவியங்களில் அது சரியும்கூட.

டச்சு ஓவியர் ரெம்பிரான்ட் 1642-இல் முடித்த 'இரவுக் காவல்' ஓவியத்தில் அப்படி இல்லை என்று ஆம்ஸ்டர்டாமின் ரைக்ஸ் அருங்காட்சியக ஆய்வாளர்கள் 2024-இல் வெளியிட்ட ஆய்வில் வாதிட்டார்கள். படைத்துணைத் தலைவர் வில்லெம் வான் ரூய்டன்பர்க்கின் உடையில் தங்க நூல் வேலைப்பாடு மின்னும் பகுதிகளில் அவர்கள் இரண்டு பொருள்களைக் கண்டார்கள்: ஒன்று மஞ்சள் பாராரியல்கர், மற்றொன்று ஆரஞ்சிலிருந்து சிவப்பு வரை நிறம் கொண்ட, படிக ஒழுங்கு பாதி குலைந்த பாராரியல்கர். இவற்றோடு ஈய–வெள்ளீய மஞ்சளும், இங்குலிகம் எனும் சிவப்புப் பொடியும் கலந்திருந்தன. மஞ்சளோடு மஞ்சளும் சிவப்போடு சிவப்பும் வேண்டுமென்றே சேர்த்துக் குழைத்த கலவை இது, தானாக நிறம் மாறியதன் மிச்சமன்று என்பது அவர்கள் முடிவு. அப்படியானால் 1980-இல் பெயர் பெற்ற இந்தக் கனிமம் அதற்கு மூன்று நூற்றாண்டுகளுக்கும் முன்பே, பெயர் தெரியாத ஒரு மஞ்சளாக, ஓவியரின் வண்ணத் தட்டில் இருந்திருக்கிறது.